கட்டிலும் காலடியும்

நம் வீடுகள் பலவற்றில் நடக்கும் காட்சி ஒன்று. எழுபதைக் கடந்த வாப்பா மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குச் செல்கிறார். சில நாட்கள் கழித்துத் திரும்பி வருகிறார். கால் வீக்கம் வடிந்திருக்கிறது, மூச்சு சீராகியிருக்கிறது. "இதயம் தளர்ந்திருக்கிறது, கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்று முதல் வீடே அவருக்குக் காவலாகிவிடுகிறது. "நீங்க எழும்பாதீங்க வாப்பா, எல்லாம் நாங்க கொண்டாந்து தர்றோம்" என்கிறாள் மகள். உணவு கட்டிலுக்கு வருகிறது. தண்ணீர் கட்டிலுக்கு வருகிறது. ஒளுச் செய்வதற்குச் செம்பும் தட்டும்கூடக் கட்டிலுக்கே வந்துவிடுகின்றன.

இரண்டு மாதம் செல்கிறது. நேற்றுவரை தாமே குளித்து, தாமே உடுத்தி, தெருமுனைப் பள்ளிவாசல்வரை நடந்து சென்று வந்த அந்தப் பெரியவர், இப்போது கழிவறைக்குச் செல்லவும் இருவர் தோளை நாடுகிறார். "நோய் முற்றிவிட்டது" என்று நாம் பெருமூச்சு விடுகிறோம்.

முற்றியது நோய் மட்டுந்தானா? அன்பின் மிகுதியால் நாம் விரித்துக் கொடுத்த கட்டிலுக்கும் அதில் பங்கு உண்டா?

இந்த ஐயம் மருத்துவ உலகத்துக்கும் எளிதில் தோன்றியதன்று. இதய நோயாளியைப் படுக்க வைப்பதே அறிவு என்று மிக நீண்ட காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை எப்படி வளர்ந்தது, எப்படித் தளர்ந்தது, அதன் இடத்தில் எது வந்தது என்ற வரலாறு, வயது முதிர்ந்தோரை வைத்துக் காக்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

தளர்ந்த இதயம்

முதலில் இந்நோயின் இயல்பைச் சிறிது தெரிந்துகொள்வோம். 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று மருத்துவர் சொல்லும்போது, இதயம் நின்றுவிட்டது என்று பலர் அஞ்சிவிடுகின்றனர். அது அப்படியன்று. உடலுக்கு வேண்டிய அளவு இரத்தத்தை இறைத்துக் கொடுக்க இதயத்தால் இயலாமற் போகும் நிலையே அது. அதனை இதயத் தளர்ச்சி எனலாம்.

இதயத்தின் வலப்புறத்திலிருந்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, இடப்புறத்துக்குத் திரும்புகிறது. இந்த வழியை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர், டமாஸ்கஸில் கற்றுக் கெய்ரோவில் பணிபுரிந்து 1288இல் மறைந்த இப்னுன் நபீஸ் என்னும் அறிஞர் என்பதை நம்மில் பலர் அறிவர். அவருடைய உரைநூலின் கையெழுத்துப் படி பெர்லின் நூலகத்தில் இருப்பதை எகிப்திய மருத்துவர் ஒருவர் 1924இல் எடுத்துக்காட்டிய பிறகே உலகம் அதனை உணர்ந்தது. அந்த வழியில் இடப்பக்க இதயம் தளர்ந்தால், வெளியேற வேண்டிய இரத்தம் பின்னோக்கித் தேங்குகிறது. நுரையீரலில் நீர் கோக்கிறது; மூச்சுத் திணறுகிறது. வலப்பக்கம் தளர்ந்தால் காலும் வயிறும் வீங்குகின்றன. படுத்தால் மூச்சு முட்டுவதும், எழுந்து உட்கார்ந்தால் சற்று இலேசாவதும் இதனாலேதான். நோயாளியின் உடல் தானாகவே தேடும் இந்த 'எழுந்து உட்காருதல்' நம் வரலாற்றில் பின்னர் முக்கிய இடம் பெறப்போகிறது.

இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் விதெரிங், நீர்க்கோவையால் உடல் வீங்கியோரைக் குணப்படுத்தும் ஒரு குடும்ப மருந்தைப் பற்றி 1775இல் கேள்வியுற்றார். ஷ்ரோப்ஷயர் வட்டாரத்து முதிய பெண்மணி ஒருவர் இரகசியமாக வைத்திருந்த மருந்து அது. இருபதுக்கு ஏறக்குறைய மூலிகைகள் சேர்ந்த அந்தக் கலவையில், வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்னும் ஒரு செடியே என்று அவர் கண்டுகொண்டார். பத்தாண்டுகள் சோதித்து, 1785இல் நூலாக வெளியிட்டார். டிஜிட்டாலிஸ் என்னும் மருந்து இவ்வாறு மருத்துவ நூல்களில் இடம்பெற்றது. வீக்கம் வடிந்தது. ஆனால், வடிந்த பின்னர் அந்த மனிதர் எப்படி வாழ வேண்டும், படுத்திருக்க வேண்டுமா, நடக்க வேண்டுமா என்ற கேள்விக்கு மூலிகையிடம் பதில் இல்லை.

ஓய்வு மருந்தான கதை

பழைய மருத்துவர்கள் அசைவை வெறுத்தவர்கள் அல்லர். இப்னு ஸீனா தம் 'அல் கானூன்' நூலின் முதற் பகுதியில் உடற்பயிற்சிக்குத் தனி இடம் கொடுத்தார்; முதியோர் பேண வேண்டிய நெறிகளைக் கூறுமிடத்தும் அவரவர் உடல்நிலைக்கேற்ற பயிற்சியை எழுதினார். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நெஞ்சு வலியால் வருந்திய ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்து ஏறத்தாழக் குணமடைந்ததைக் குறித்து வைத்தார். அக்குறிப்பு அவர் மறைந்தபின் 1802இல் அச்சேறிற்று. டப்ளின் நகரத்து வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இல் வெளியிட்ட இதய நோய் நூலில், அளவோடு கூட்டிச் செல்லும் நடையைப் பரிந்துரைத்தார். மியூனிக் நகரத்து மாக்ஸ் ஓர்ட்டெல் 1880களில் நோயாளிகளைப் படிப்படியாகச் சரிவுப் பாதைகளில் நடக்க வைத்தார்.

ஆனால், காற்று வேறு திசையில் வீசிற்று. லண்டனின் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1860 முதல் ஆற்றிய சொற்பொழிவுகள், காயப்பட்ட உறுப்புக்கு ஓய்வே மருந்து என்ற கொள்கையை நிலைநாட்டின. முறிந்த எலும்புக்குக் கட்டுப்போட்டு அசையாமல் வைக்கிறோம் அல்லவா? இதயத்துக்குக் கட்டுப்போட முடியாது. ஆகவே மனிதரையே அசையாமல் வைப்போம் என்று எண்ணினர். 1912இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், மாரடைப்பிலிருந்து பிழைப்போரும் உண்டு என்று எடுத்துக்காட்டியபோது, அவர்களுக்கு முழுமையான படுக்கை ஓய்வு வேண்டும் என்றும் வற்புறுத்தினார். இறந்தோரின் இதயங்களை ஆராய்ந்து 1939இல் பாஸ்டனில் வெளிவந்த ஆய்வு ஒன்று, புண் ஆறித் தழும்பாகப் பல வாரங்கள் ஆகின்றன என்று காட்டியது. ஆறு வாரம், எட்டு வாரம் என்று படுக்கை நீண்டது. தாமே உணவை எடுத்து உண்ணவும், புரண்டு படுக்கவும் தடை விதிக்கப்பட்ட நோயாளிகள் உண்டு.

மாரடைப்புக்கு வகுத்த இந்த விதி, தளர்ந்த இதயத்துக்கும் உரியதாயிற்று. 1960களில்கூட, நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பேராசிரியர் ஜார்ஜ் பர்ச், விரிந்து வீங்கிய இதயம் சுருங்கவேண்டுமென்று நோயாளிகளைப் பல மாதங்கள், சிலரை ஓராண்டுவரையும், படுக்கையில் வைத்தார். அவர் நோக்கம் நன்மையே. சிலருடைய இதயம் சுருங்கவும் செய்தது. ஆனால், படுக்கையில் கழிந்த மாதங்களில் கால்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கணக்கெடுக்கும் வழக்கம் அன்று இல்லை.

எதிர்த்து எழுந்த குரல்கள்

1944ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் இரு குரல்கள் எழுந்தன. ஒன்று, வில்லியம் டாக் என்பவருடையது. முழுப் படுக்கை ஓய்வே தீங்குகளை வருவிக்கிறது என்றார் அவர்: கால் நரம்புகளில் இரத்தம் உறைகிறது, உறைந்தது நுரையீரலுக்குச் சென்று உயிரைப் பறிக்கிறது, படுக்கைப் புண் வருகிறது, படுக்கையிலேயே மலம் கழிக்க முக்குவது இதயத்துக்குப் பெருஞ்சுமையாகிறது.

மற்றொன்று, பாஸ்டன் இதய மருத்துவர் சாமுவேல் லெவைனுடையது. படுத்த நிலையில் காலின் இரத்தம் திரும்பி வந்து, ஏற்கெனவே தத்தளிக்கும் இதயத்தின்மீது மேலும் சுமையேற்றுகிறது. உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் அந்தச் சுமை குறைகிறது என்று அவர் வாதிட்டார். மூச்சுத் திணறும் நோயாளி தானாகவே எழுந்து உட்காருகிறானே, அவன் உடல் சொன்னதைத்தான் மருத்துவர் காது கொடுத்துக் கேட்டார்! 1952இல் அவரும் அவருடைய இளந்துணைவர் பெர்னார்டு லௌனும், மாரடைப்புக்குள்ளான 81 நோயாளிகளைத் தொடக்க நாட்களிலேயே தூக்கிச் சாய்வு நாற்காலியில் அமர வைத்து, அதன் விளைவை வெளியிட்டனர். அந்த முயற்சிக்கு மருத்துவமனைக்குள்ளேயே கடும் எதிர்ப்பு இருந்ததென்று லௌன் பிற்காலத்தில் எழுதினார். நோயாளிகளைக் கொல்லப் போகிறார்கள் என்று அஞ்சினர் இளம் மருத்துவர்கள். அஞ்சியது நடக்கவில்லை.

இதே காலத்தில் லண்டன் அருகே ஒரு பெண் மருத்துவர் வேறொரு போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார். மார்ஜரி வாரன் என்பது அவர் பெயர். 1935இல் அவருடைய வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்து ஏழையர் விடுதியின் நோயாளர் பகுதியை ஏற்றது. அங்கே 700க்கும் மேற்பட்டோர் இருந்தனர். பலர் முதியவர்கள், ஆண்டுக்கணக்கில் கட்டிலோடு கட்டிலாய்க் கிடந்தவர்கள். இவர்களுக்கு இனி எதுவும் செய்வதற்கில்லை என்பதே பொதுக் கருத்து. வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்தார், நோயை வகைப்படுத்தினார், எழ வைத்தார், நடக்கப் பழக்கினார். கிடையாய்க் கிடந்தோர் பலர் வீடு திரும்பினர். முதியோர் மருத்துவம் என்னும் தனித்துறைக்கு இதுவே வித்து.

1947இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்டு ஆஷர், படுக்கைக்குச் செல்வதன் ஆபத்துகளைப் பற்றி நகைச்சுவையும் கண்டிப்பும் கலந்த கட்டுரை ஒன்றை எழுதினார். தோல், தசை, எலும்பு, குடல், இரத்தக் குழாய், மனம் என ஒவ்வொன்றையும் படுக்கை எப்படிக் கெடுக்கிறது என்று அடுக்கினார். படுக்கை ஓய்வு என்பதும் ஒரு மருந்தே. அளவு மீறினால் அதுவும் நஞ்சே என்ற உண்மை அங்கே தெளிவாயிற்று.

ஆனாலும் ஐயப்படுவோர் இருந்தனர். முதுமையாலும் நோயாலும் வந்த தளர்ச்சியைப் படுக்கையின்மேல் சுமத்தலாமா என்று கேட்டனர். அதற்கு 1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரத்தில் ஒரு விடை கிடைத்தது. நோய்நொடி இல்லாத, இருபது வயதை ஒட்டிய ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையில் இருந்தனர். எழுந்தபோது அவர்களது உடலின் உழைக்கும் திறன் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. முப்பதாண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் சோதித்தனர். முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து பறித்ததைக் காட்டிலும், அன்று மூன்று வாரப் படுக்கை பறித்ததே அதிகம் என்று கண்டனர்! இருபது வயதுக் காளையருக்கே இது என்றால், எழுபத்தைந்து வயதுப் பெரியவரின் நிலை என்ன?

எதைக்கொண்டு அளப்பது?

இதற்கிடையே இன்னொரு கேள்வியும் மெல்ல உருவாகி வந்தது. இதய நோயாளியின் நிலையை எதைக்கொண்டு அளப்பது?

நியூயார்க் இதயச் சங்கம் 1928இல் ஓர் எளிய வழியை வகுத்தது. நோயாளியால் என்ன செய்ய முடிகிறது என்று கேட்டது. வழக்கமான வேலைகளில் தொல்லை இல்லாதவர் முதல் வகுப்பு. ஓய்விலிருக்கும்போதே மூச்சு வாங்குபவர் நான்காம் வகுப்பு. இடைப்பட்டோர் இரண்டும் மூன்றும். அந்தப் பகுப்பு இன்றும் உலகெங்கும் வழங்குகிறது.

1963இல் கிளீவ்லாந்து நகரத்து சிட்னி காட்ஸும் அவருடைய துணைவர்களும், முதியவர் ஒருவரின் அன்றாட வாழ்வை ஆறு செயல்களாகப் பகுத்தனர்: குளித்தல், உடுத்தல், கழிவறைக்குச் சென்று வருதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலியில் அமர்தல், மலசலத்தை அடக்கிக்கொள்ளுதல், தாமே உண்ணுதல். இவற்றில் எத்தனையைத் தாமே செய்கிறார் என்பதே அளவுகோல். நோயிலிருந்து மீள்வோர் இச்செயல்களைத் திரும்பப் பெறும் வரிசை, குழந்தைகள் அவற்றைக் கற்கும் வரிசையை ஒத்திருப்பதையும் அவர்கள் கண்டனர்.

பின்னர்க் கருவிகள் வந்தன. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை விழுக்காடு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று படம் பிடித்துச் சொல்லும் காலம் பிறந்தது. 'முப்பது விழுக்காடு', 'நாற்பது விழுக்காடு' என்று நம் வீட்டுப் பிள்ளைகளும் இன்று சொல்லக் கேட்கிறோம். ஆனால், 1981இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வியப்பான ஒன்றை வெளியிட்டனர். ஓய்வு நிலையில் அளக்கும் அந்த விழுக்காட்டுக்கும், நோயாளியின் உழைக்கும் திறனுக்கும் நெருங்கிய உறவே இல்லை! விழுக்காடு மிகக் குறைந்த ஒருவர் கடைத்தெருவுக்கு நடந்து சென்று வருகிறார். அவரினும் நல்ல விழுக்காடு உடைய மற்றொருவர் வாசற்படி தாண்ட இயலாமல் தவிக்கிறார். காரணம் இதயத்தில் மட்டும் இல்லை, கால் தசையிலும் இருக்கிறது என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. 1990இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோட்ஸ் குழுவினர், இதயத் தளர்ச்சி உடைய சிலருக்கு வீட்டிலேயே மிதிவண்டிப் பயிற்சி கொடுத்து, அவர்களது திறன் கூடுவதை ஒப்பிட்டுக் காட்டினர்.

1985இல் கனடா நாட்டின் கார்டன் கயாட் குழுவினர், விலையுயர்ந்த எந்தக் கருவியும் வேண்டாத சோதனை ஒன்றை இதய நோயாளிகளிடம் செய்து பார்த்தனர். மருத்துவமனையின் நீண்ட நடைகூடம், ஒரு கடிகாரம். ஆறு நிமிடத்தில் உங்களால் இயன்ற தொலைவு நடவுங்கள், இளைத்தால் நின்றுகொள்ளுங்கள். அவ்வளவே.

அந்த ஆறு நிமிடம் எவ்வளவு சொல்லும் என்பது 1993இல் தெரிய வந்தது. ஏறத்தாழ 900 நோயாளிகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வில், 450 மீட்டரும் அதற்கு மேலும் நடந்தவர்களுள், பின்தொடர்ந்து கவனித்த மாதங்களில் இறந்தோர் நூற்றுக்கு 3 பேர். 300 மீட்டரை எட்ட முடியாதவர்களுள் இறந்தோர் நூற்றுக்கு 10 பேர். இதயத் தளர்ச்சியால் மீண்டும் மருத்துவமனை சென்றோர் முன்னவருள் நூற்றுக்கு 2, பின்னவருள் 22. ஒரு மனிதரின் காலடி, அவருடைய ஆயுளைப் பற்றியும் ஏதோ சொல்கிறது என்று மருத்துவம் உணர்ந்தது.

முதியோர் பக்கம் திரும்பிய பார்வை

1987இல் வட ஐரோப்பிய நாடுகளில் நடந்த ஆய்வு, எனலாப்ரில் என்னும் மருந்தால், நோய் முற்றிய நிலையிலும் மரணம் குறைவதை மெய்ப்பித்தது. ஆறு மாதத்தில், வெற்று மாத்திரை பெற்றவருள் நூற்றுக்கு 44 பேர் இறக்க, மருந்து பெற்றவருள் இறந்தோர் 26. பெரும் வெற்றி அது. மருந்தின் பெருமையை எவரும் குறைத்துரைக்க இயலாது. ஆனால், பிழைத்திருப்பது வேறு, தாமாக இயங்கி வாழ்வது வேறு அல்லவா?

பயிற்சியைப் பற்றிய மிகப் பெரிய ஆய்வு 2009இல் வெளிவந்தது. பங்கேற்றவர் 2331 பேர். பயிற்சி ஆபத்தற்றது, சிறிதளவு நன்மையும் தருவது என்று அது கூறியது. ஆயினும் அவர்களின் நடு வயது 59. நம் வீட்டுக் கட்டிலில் இருக்கும் எழுபத்தைந்து வயதுப் பெரியவர் அந்தக் கணக்கில் பெரும்பாலும் இல்லை.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஒரு வட்டாரத்து மக்களிடையே 1100க்கும் மேற்பட்ட இதயத் தளர்ச்சி நோயாளிகளிடம் அன்றாடச் செயல்களைப் பற்றிக் கேட்டு, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களின் சராசரி வயது எழுபத்தைந்தை ஒட்டியது. பாதிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஓர் அன்றாடச் செயலில் இடர்ப்பட்டனர். இடர்ப்பாடு மிகுந்தவர்களிடையே மரணமும் மருத்துவமனை வாசமும் மிகுதியாய் இருந்தன. இதே போன்று, மெல்ல நடப்பதும் தசைவலு குன்றியிருப்பதும் மீண்டும் மருத்துவமனை செல்ல நேர்வதற்கு முன்னறிகுறிகள் என்று 2013இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும் காட்டியிருந்தது.

2021இல் டலேன் கிட்ஸ்மன் என்னும் அமெரிக்க மருத்துவரின் குழு, நமக்கு மிக நெருக்கமான ஓர் ஆய்வை வெளியிட்டது. இதயத் தளர்ச்சி மிகுந்து மருத்துவமனையில் சேர்ந்த 349 முதியவர்கள் அதில் பங்குகொண்டனர். சராசரி வயது ஏறத்தாழ 73. ஒருவருக்கு ஐந்து என்னும் அளவில் வேறு நோய்களும் இருந்தன. பாதிப்பேருக்கு, மருத்துவமனையில் இருக்கும்போதே பயிற்சி தொடங்கியது. வேகமாக ஓடச் சொல்லவில்லை. தடுமாறாமல் நிற்பது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, சில அடி நடப்பது, பிறகு சற்றுக் கூட்டுவது. மூன்று மாதம் கழித்து, நிற்றல், நடத்தல், எழுதல் ஆகிய மூன்றையும் 12 புள்ளிக்கு அளந்தபோது, பயிற்சி பெற்றோர் 8.3 பெற்றனர்; பெறாதோர் 6.9.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சி பெற்றோர் மீண்டும் மருத்துவமனை செல்வது தெளிவாகக் குறைந்துவிடவில்லை. ஆறு மாதத்தில் மரணமும் குறையவில்லை. அவர்களில் 21 பேரும் மற்றவர்களில் 16 பேரும் இறந்தனர். அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்பதே கணக்கியல் தரும் முடிவு. ஆகவே நடை ஆயுளை நீட்டும் மந்திரம் என்று எவரேனும் கூறினால் நம்பிவிடக் கூடாது. அதிகம் நடக்கிறவர் அதிகம் வாழ்கிறார் என்பது உண்மை. நடக்க வைத்தால் ஆயுள் கூடும் என்பது இன்னும் மெய்ப்பிக்கப்படாதது. இரண்டும் ஒன்றல்ல. மெய்ப்பிக்கப்பட்டது வேறு: இழந்த இயக்கத்தை எழுபதைக் கடந்தும், நோயோடும், ஓரளவு மீட்டுக்கொள்ள இயலும்.

அது சிறிய பேறா? தம் உடலைத் தாமே கழுவிக்கொள்ளும் உரிமை, தம் காலால் கழிவறைக்குச் சென்று கதவைத் தாமே சாத்திக்கொள்ளும் மானம், தாமே ஒளுச் செய்துகொண்டு, நின்றோ உட்கார்ந்தோ தொழும் நிறைவு, இவற்றையெல்லாம் எந்தத் தராசில் நிறுத்துவது? வாழ்நாள் எத்தனை என்பது நம் கையில் இல்லை. அந்த நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பதில் வீட்டாருக்குச் சிறு பங்கு உண்டு.

ஓய்வே வேண்டாம் என்பது இந்த வரலாற்றின் பாடமன்று. மூச்சுத் திணறல் மிகும்போதும், காலும் வயிறும் திடீரென வீங்கும்போதும், நெஞ்சு வலிக்கும்போதும் ஓய்வும் மருத்துவமனையுமே முதன்மை. எவர், எவ்வளவு, எப்போது நடக்கலாம் என்பதை அவரை அறிந்த மருத்துவரே சொல்ல வேண்டும். மருந்தை நிறுத்திவிட்டு நடையை நம்புவது பேதைமை. ஆனால், மருத்துவமனையிலிருந்து அழைத்து வரும் நாளில், "என்ன மாத்திரை, எத்தனை வேளை?" என்று கேட்கும் நாம், "எப்போது எழுப்பி உட்கார வைக்கலாம்? எத்தனை அடி நடக்க விடலாம்?" என்பதையும் சேர்த்துக் கேட்பதற்கு என்ன தடை?

மருத்துவப் பேரறிஞர்கள் தவறியது அறிவின்மையால் அன்று. நோயாளியின்மேல் கொண்ட பரிவினாலேதான். நாமும் அந்தப் பரிவினாலேயே தவறுகிறோம். வாப்பா தண்ணீர் கேட்டால் ஓடிச் சென்று கொண்டுவருவது அன்புதான். மருத்துவர் அனுமதித்த அளவில், அவர் மெல்ல எழுந்து, சுவரைப் பற்றி, பத்தடி நடந்து, தாமே மொண்டு குடித்துத் திரும்பும்வரை, விழாமல் தாங்கக் கையை அருகே வைத்துக்கொண்டு பொறுமையாய் உடன் நடப்பதும் அன்பே. முன்னதைவிட இதற்கு நேரம் அதிகம் பிடிக்கும். அந்த நேரத்தை அவருக்குக் கொடுப்போம்.